அம்மன் லோரியின் என்ஜின்

லோரி பின்னால் உருண்ட அன்று மழை பெய்திருந்ததா இல்லையா என்பதில் இன்றைக்கும் ஒரு முடிவு கிடையாது. தார் நனைந்திருந்தது, அதனால்தான் சக்கரம் பிடிக்கவில்லை என்கிறவர்கள் இருக்கிறார்கள். மழை மறுநாள் சாயங்காலம்தான் வந்தது, பந்தல் பிரிக்கும்போது எல்லாரும் நனைந்தோமே என்று சத்தியம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வருஷத்துத் திருவிழாக்கள் ஒன்றோடொன்று கலந்துபோயிருக்கலாம். இதைச் சொல்லும்போதும் ஒன்றிரண்டு இடத்தில் நினைவு அப்படிப் பிசகக்கூடும். ஆனால் லோரி உருண்டது நிஜம். அம்மன் மேலே இருக்கும்போதே உருண்டது.

ஈப்போவுக்குத் தெற்கே, கோப்பெங்கிலிருந்து உள்ளே போகும் பாதையில் இருந்தது ஒன்பதாங்கட்டைத் தோட்டம். ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். பிறகு லயத்து வீடுகளை இடித்தார்கள். சனங்கள் கோப்பெங், சிலிபின், சிலர் பாகான் செராய் வரைக்கும் போய்ச் சிதறினார்கள். மிச்சம் நின்றது மாரியம்மன் கோயிலும் ஒரு லோரியும்தான். வெட்டிய ரப்பர் பாலை ஆலைக்கு ஏற்றிப்போன பழைய இங்கிலீஷ் பெட்போர்ட் அது, பெட்ரோலில் ஓடுவது. கம்பெனி தோட்டத்தை விற்றுவிட்டுப் போகும்போது அதை விலைக்குக் கேட்க ஆள் இல்லை. கோயிலுக்குக் கொடுங்கள் என்று சனங்கள் கேட்டார்கள், கொடுத்துவிட்டார்கள். பால் லோரி அம்மன் லோரியானது அப்படித்தான்.

சித்திரையில் ஒருநாள் அம்மனை லோரியில் ஏற்றி ஊர்வலம் கொண்டுபோவார்கள். ஊர் என்று அங்கே ஒன்றும் கிடையாது. செம்பனை வரிசைகள்தான். ஆனாலும் லோரி பழைய லயங்கள் இருந்த தடத்திலேயே போகும். தங்கள் வீடு இருந்த இடத்தை ஒவ்வொரு குடும்பமும் அடையாளம் வைத்திருந்தது. அந்த இடத்தில், ஒரு பனைமரத்தடியில், தேங்காய்த் தட்டோடு நிற்பார்கள். லோரி ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று அர்ச்சனை வாங்கிக்கொண்டு நகரும். வெளியாள் பார்த்தால் மரத்துக்குப் பூசை செய்கிறார்கள் என்றுதான் நினைப்பான். இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு. அம்மன் ஏறிவிட்டால் வண்டி பின்னால் போகக்கூடாது. ஒரு சாண்கூட. திரும்ப வேண்டிய இடத்தில் பெரிய வட்டமடித்துத்தான் திரும்பும்.

அந்த லோரியைத் தோட்டக் காலத்திலிருந்தே ஓட்டி வந்தவர் பத்துமலை. வயது அறுபத்தாறு. மனைவி நவமணி இறந்து வெகுநாளாயிற்று. சிலிபினில் ஒரு வரிசை வீட்டில் தனியாக இருந்தார். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் அவரை யாரும் தேடுவதில்லை. சித்திரை நெருங்கினால் மட்டும், “அண்ணே, அண்ணே” என்று வாசலில் காடி வந்து நிற்கும். அவர் போய்த்தான் லோரிக்கு உயிர் கொடுக்க வேண்டும். சோக்கை எவ்வளவு இழுப்பது, எந்த இடத்தில் விடுவது, கியர் மாற்றக் கிளட்சை இரண்டு தடவை எப்போது மிதிப்பது, எல்லாம் அவர் கைக்கும் காலுக்கும்தான் தெரியும். கோயில் தலைவர் சுகுமாரன் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஏறினார். லோரி தவளை மாதிரி இரண்டு தாவல் தாவி நின்றுபோனது. சனங்கள் ஒரு வருஷம் சொல்லிச் சிரித்தார்கள்.

அன்று பழைய புகைவீட்டு மேட்டில், ரப்பர் தகடுகளைப் புகைபோட்டுக் காயவைத்த கட்டடம் இருந்த ஏற்றத்தில், லோரி பாதி ஏறியிருந்தது. என்ஜின் இருமியது. புகை கறுத்து, நீலமாகி, பின்னால் வந்தவர்களையெல்லாம் மூடியது. பிறகு சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாத இடத்தில் லோரி மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தது. பால்குடத்தோடு பின்னால் வந்துகொண்டிருந்த கருப்பம்மாள் விலகப் போய் விழுந்தாள். எழுபது தாண்டியவள், முன்னாளில் பால் வெட்டியவள். சுகுமாரனின் அக்கா மகன் சுரேன் ஒரு பெரிய கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தான். லோரி நின்றது. மேளம் நின்றிருந்தது. கருப்பம்மாளின் மணிக்கட்டு உடைந்திருந்தது. சிந்திய பால் சரிவில் ஓடிச் செம்பனை மட்டைகளுக்குள் போனது.

“என்ஜின் காலவாரி உட்ருச்சிடா” என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் அதையே சொன்னார்கள். பத்துமலை இறங்கி வந்து லோரியின் முகத்தைப் பார்த்தபடி நின்றார். என்ஜின் நின்றது உண்மைதான். ஆனால் நின்ற என்ஜினோடு அவர் அந்த மேட்டில் இதற்குமுன் எத்தனையோ தடவை லோரியைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். அன்று வலது முட்டி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எண்ணெய் மிதியிலிருந்து பிரேக்குக்குக் கால் போக வேண்டும், அவ்வளவுதான். கால் தூக்கத்தில் இருப்பதுபோல மெதுவாக எழுந்தது. அது போய்ச் சேருவதற்குள் லோரி உருண்டுவிட்டது.

அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

லோரியை இழுத்துக்கொண்டு போய்க் கோப்பெங்கில் ஆ கியோங்கின் பட்டறையில் விட்டார்கள். ஆ கியோங்கின் அப்பா தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவன் ஆ கியோங். பத்துமலையைப் பார்த்தால் அவனுக்குத் தமிழ் தவிர வேறு பாஷை வாயில் வராது.

“மச்சான், இது என்ஜின் இல்லலா. கொசு மருந்து அடிக்கிற மிசின். கவர்மென்ட்டுக்கு வாடகைக்கு உடு, டெங்கி ஒழிஞ்சிரும்.”

“வாய மூடிட்டுப் பாரு.”

“பாத்துட்டேன். ஆறு சிலிண்டர்ல நாலு வேல செய்யிது. ஒண்ணு தூங்குது. ஒண்ணு ரோசாக், சாமிகிட்ட போயிருச்சி.”

“செய்ய முடியாதா?”

“பொலே, முடியும். எல்லாம் பொலே. கழட்டணும், சிலிண்டரக் கடையணும், பெரிய பிஸ்டனாப் பாத்துப் போடணும். பிஸ்டன் இங்க எங்க இருக்கு? இங்கிலாந்துல தேடணும். செஞ்சி முடிச்சா மேடு ஏறும். ஆனா ஓட்டுறது யாரு? நீதான் ஓட்டணும். வேற எவனுக்கு இந்தக் கெழவியோட பாஷ தெரியும்? ஒனக்கு வயசு என்னா?”

“ஒன்னவிட ரெண்டு கொறவு.”

“பொய் சொல்லாதலா. ஸ்கூல்ல எனக்கு மேல் கிளாஸ் நீ.”

ஆ கியோங் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். இன்னொரு வழியும் இருக்கிறது என்றான். ஈப்போவில் பழைய ஜப்பான் வண்டிகளை வெட்டி விற்கிற கடையில் டீசல் என்ஜின் ஒன்று கியர் பெட்டியோடு கிடக்கிறது. பழையதைத் தூக்கிவிட்டு அதை வைத்தால் போதும். “சாவியத் திருப்பு, ஓடும். டிவி ஓட்டத் தெரிஞ்சவன்லாம் ஓட்டலாம்” என்றான். பிறகு, கேட்காமலே, “பிரேக்கயும் பாத்துட்டேன்” என்றான். ஆ கியோங் அவருடைய முட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு, உள்ளே காப்பி கலக்கப் போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் சமையல் கொட்டகையில் கூட்டம். கூட்டம் என்றால் பூசணிக்காய்ச் சாம்பாரும் சோறும் சாப்பிட்டபடி எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவது. அன்று புதிதாக ஒருவர் வந்திருந்தார். பிரஷாந்தன். பொதுப்பணி இலாகாவில் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஈப்போவில் பழைய வாகனங்கள் வைத்திருப்பவர்களின் சங்கத்தில் முக்கியமான ஆள். அவருடைய அப்பாவின் அப்பா கதிரவேலு இந்தத் தோட்டத்தில் பெரிய கிராணியாக, ஆள் கணக்கு எழுதும் தலைமை எழுத்தராக, இருந்தவர். லோரி உருண்ட செய்தி எப்படியோ அவர் காதுக்கு எட்டி, வந்துவிட்டார்.

“அந்த என்ஜின மட்டும் மாத்திப்போடாதேங்கோ” என்றார். “இந்த நாட்டில இப்பிடி ஒரு வண்டி பிறந்த என்ஜினோட ஓடுறது இன்னும் எத்தனை இருக்குமெண்டு நினைக்கிறியள்? நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்க லீவுக்கு இஞ்ச வருவன். இதிலதான் அப்பப்பா என்ன ஏத்திக்கொண்டு போவார். என்ஜின மாத்தினா பேந்து இது அந்த லோரி இல்ல. சாமான் எல்லாம் நான் எடுப்பிச்சுத் தாறன். அது என்ர பொறுப்பு.”

கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த கருப்பம்மாள் இடது கையால் சோற்றைப் பிசைந்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “கிராணி பேரனா நீங்க? அதான் பாத்தேன், மூக்கு அதே மூக்கு. உங்க தாத்தா எனக்கு அர நாள் கூலி போட்ட மனுசன். ஒருநா மழைக்கு ஒதுங்கி நின்னேன்னு.”

கொட்டகை சிரித்தது. பிரஷாந்தனும் சிரித்தார். சிரிப்பு அவர் முகத்தில் கொஞ்சம் தாமதமாக வந்தது.

“சார், நீங்க சொல்றது சரி” என்றார் சுகுமாரன். “ஆனா பாருங்க, இந்தக் கோயிலுக்கே மூணு தடவ கூர மாத்திட்டோம். சொவத்த இடிச்சிக் கட்டிட்டோம். அம்மா வேற அம்மாவா ஆயிட்டாளா? அம்மா ஏறின வண்டி பின்னால போச்சி சார். எங்க சனத்துக்கு இனிமே வருசம் முழுக்க என்னா நடந்தாலும் அதத்தான் சொல்லும். பல்லு வலிச்சாக்கூட லோரி உருண்டுச்சில, அதான்னு சொல்லும்.”

“எனக்குக் கையே ஒடஞ்சிருச்சி, நான் எதாச்சும் சொன்னனா?” என்றாள் கருப்பம்மாள்.

“நீ சொல்லாத நாளு எது, அக்கா?” என்றார் சுகுமாரன்.

“சரிலா, நான் சொல்றேன். அம்மாவ நீங்க ரெண்டு பேரும் தோள்ல தூக்கிட்டுப் போங்க. லோரியே வேணா.”

பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது. பத்துமலை இலையில் இருந்த அப்பளத்தை உடைத்துப் பொடியாக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் சுகுமாரன் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார்: “நம்ம பேசி என்னா ஆவப் போவுது. ஓட்டுறவரு அண்ணன். அவரு வாயில வர்றதுதான் முடிவு. ஆடி பொறக்கறதுக்குள்ள சொல்லுங்கண்ணே. பழசா, புதுசா, எதுன்னாலும் சரி.”

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். வருஷத்தில் ஒருநாள் கிடைக்கும் பார்வை அது. இப்போது இன்னொரு நாளும் கிடைத்தது.

சிலிபின் வீட்டில் அவருடைய நாட்கள் ஒன்றுபோலவே இருந்தன. காலையில் பாசார் வரை நடப்பார். முட்டி வலித்தால் பாதியில் திரும்புவார். மதியம் சோறு வடித்துச் சார்டின் டின் உடைத்துக் கறி வைப்பார். ஒரு டின் இரண்டு வேளைக்கு வரும். நான்கு மணி வாக்கில் மலைப்பக்கம் கறுத்து மழை வரும். வாசல் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டில் இப்போது வங்காளதேசத்துப் பையன்கள். பார்த்தால் தலையசைப்பார்கள். அவரும் அசைப்பார். சில நாள், ராத்திரி படுக்கும்போதுதான், அன்று முழுக்க வாயைத் திறந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது நினைவுக்கு வரும்.

ஞாயிற்றுக்கிழமை மகள் புனிதா ஜொகூரிலிருந்து கூப்பிடுவாள். அவளும் புருஷனும் காலை இருட்டிலேயே எழுந்து பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். பேச்சு எப்போதும் ஒரே தடத்தில் போகும்.

“சாப்டீங்களாப்பா?”

“ஆச்சி. பிள்ளைங்க?”

“டியூசன் போயிருக்குங்க. கால் எப்படி இருக்கு?”

“இருக்கு.”

“இங்க வந்து இருங்கன்னா கேக்க மாட்றீங்க. ஒரு ரூம் சும்மாத்தானே கெடக்கு. எப்பதான் வருவீங்க?”

“லோரிய யாரு பாக்குறது? என்னத் தவிர எவனுக்கும் அது மசியாதே.”

“ஆமா, உங்க லோரி. நாங்கல்லாம் அதுக்குப் பொறவுதான்.”

அவள் சிரிப்பாள். அவரும் சிரிப்பார். இந்தப் பதிலை அவர் எத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறார் என்பது அவருக்கே தெரியாது. ஜொகூருக்குப் போய் மருமகன் வீட்டில் என்ன செய்வது என்ற கூச்சம் ஒருபக்கம். போகாமல் இருப்பதற்குச் சொல்லக் கௌரவமான ஒரு காரணம் இருக்கிறது என்ற நிம்மதி இன்னொரு பக்கம். தனியாக இருக்கிறவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. அவருக்கு லோரி இருந்தது.

பிரஷாந்தன் ஒருநாள் மழையோடு வந்தார். கையில் கறிபாப் பலகாரப் பொட்டலம். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். தகரக் கூரையில் மழை கொட்டியதால் பேச முடியவில்லை. இருவரும் பேசாமலே கறிபாப் தின்றார்கள். அப்படி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தின்பதே பத்துமலைக்குப் புதிதாக இருந்தது. மழை குறைந்தபின் பிரஷாந்தன் சொன்னார்:

“என்ர மனிசி போய் மூண்டு வருசம். பிள்ளையள் பெர்த்தில. வீடு பெரிசு. பின்பக்கம் ஒரு பட்டறை மாதிரி வச்சிருக்கிறன். அந்த என்ஜின அங்க இறக்குவம் அண்ணை. சனிக்கிழமைகளில நீங்கள் வாங்கோ. நான் கழட்டுறன், பூட்டுறன். நீங்கள் பக்கத்தில இருந்தாப் போதும். அதிண்ட சத்தம் எப்பிடி இருக்கோணுமெண்டு எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். ஒரு வருசம் பிடிக்கட்டுமே. என்ன அவசரம்?”

பத்துமலை வாசலைப் பார்த்தார். சாக்கடை நிறைந்து தண்ணீர் ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தது. சனிக்கிழமைகள். ஒரு வருஷத்துச் சனிக்கிழமைகள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு சித்திரையும்.

“அண்டைக்கு என்ஜின் நிண்டதும் பிரேக் பிடிக்கேல்லையோ?” பிரஷாந்தன் சாதாரணமாகத்தான் கேட்டார்.

“பழைய பிரேக்குங்க” என்றார் பத்துமலை.

அவர் போனபின் எண்ணெய் படிந்த பொட்டலத் தாளை மடித்து, மறுபடி பிரித்து, மடித்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கருப்பம்மாள் விழுந்த இடத்தில் அன்று அவளுக்குப் பதில் சுரேனின் சின்னப் பெண் இருந்திருக்கலாம். அதுவும் பின்னால்தான் வந்துகொண்டிருந்தது, கையில் வேப்பிலையோடு. என்ஜினைப் புதுப்பித்துவிடலாம். காலைப் புதுப்பிக்க முடியாது. கிளினிக்கில் அவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். பழைய என்ஜின் இருக்கும்வரை அதை அவர்தான் ஓட்ட வேண்டும். அவர் ஓட்டினால் இன்னொரு மேட்டில் இன்னொரு நாள் அது மறுபடி நடக்கும். இது அவருக்குக் கூட்டத்தன்றே தெரியும். தெரிந்ததை ஒத்துக்கொள்ள ஒரு தைரியம் தேவைப்பட்டது. அந்தத் தைரியம் ஜொகூரில் சும்மா கிடக்கும் ஓர் அறையிலிருந்து வந்தது. லோரி இல்லாவிட்டால் என்ன, மகள் இருக்கிறாள் என்று நினைத்தபோது அவருக்கு உடம்பே லேசாகிவிட்டது. இத்தனை வருஷம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். பாவம்.

மறுநாள் காலை சுகுமாரனுக்கு போன் போட்டார்.

“மாத்திருங்க தம்பி. டீசலே வெச்சிருங்க.”

“அண்ணே, நீங்கதானா பேசுறீங்க? நீங்க பழசுதான்னு நிப்பீங்கன்னு சுரேன்கிட்ட பெட்டு கட்டியிருந்தேன்லா.”

“சுரேனுக்கு ஓட்டச் சொல்லிக் குடுங்க. பொறுமையான பையன்.”

“அப்ப நீங்க?”

“எனக்கு ஜொகூர்ல மக வீடு இருக்கு.”

பிரஷாந்தனுக்கும் அவரே சொன்னார். பிரஷாந்தன் கோபப்படவில்லை. “ஓம். சரி” என்றார். பிறகு, “நீங்களே சொல்லுவியளெண்டு நினைக்கேல்ல” என்று மட்டும் சொன்னார். போனை வைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மகளின் அழைப்புக்காகக் காத்திருக்கவில்லை. தானே கூப்பிட்டார். சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு கூப்பிட்டார்.

“என்னாப்பா, நீங்க கூப்புடுறீங்க? உடம்பு நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாருக்கு. அது வந்து, லோரி வேல முடிஞ்சிருச்சி. என்ஜின மாத்துறாங்க. இனிமே எவன் வேணா ஓட்டலாம். அதான், அங்க வரலாம்னு பாக்குறேன்.”

போனில் பின்னால் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது.

“வாங்கப்பா” என்றாள் புனிதா. “எத்தன நாளைக்குப்பா?”

அவள் கேட்டவிதத்தில் ஒரு தப்பும் இல்லை. அன்பாகத்தான் கேட்டாள். பிறகு அவளே பேசிக்கொண்டு போனாள். அவளுடைய மாமியார் கிள்ளானிலிருந்து வந்து மாசி மாசத்திலிருந்து அந்த அறையில்தான் இருக்கிறாராம். அப்பாவிடம் சொன்னேன் என்றுதான் நினைத்திருந்தாளாம். வந்தால் ஹாலில் மெத்தை போட்டுக்கொள்ளலாம், பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும், பள்ளி லீவில் வந்தால் வசதி.

“அட, நான் என்னா தங்கவா வாரேன்” என்றார் பத்துமலை. “ரெண்டு நாளைக்குத்தான். சும்மா பாத்துட்டுப் போலாம்னு.”

“ரெண்டு நாள் என்னாப்பா, ஒரு வாரம் இருங்க.”

“பாக்கலாம், பாக்கலாம்.”

போனை வைத்தபின் அவர் மாற்றிய சட்டையோடே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்தவரை ‘சாப்பிட்டுப் போங்க’ என்று சொல்லாமல் யார் அனுப்புவார்கள்? தோட்டத்தில் அடுப்பில் ஒன்றுமே இல்லாத வீட்டிலும் சொல்வார்கள். வந்தவரும் ‘இருக்கட்டும், இன்னொரு நாளைக்கு’ என்று எழுந்துவிடுவார். அதுதான் முறை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அவர்தான், இத்தனை வயதுக்குப் பிறகு, இலை போடுவார்கள் என்று உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அவர் கோப்பெங்குக்குப் போனார். முட்டி வலியில் மோட்டார் சைக்கிளை மிதித்துக் கிளப்ப முடியாமல் பஸ்ஸில் போனார். என்ன சொல்லப் போகிறோம் என்று பஸ்ஸில் தெளிவாக இருந்தது. மனசு மாறிவிட்டது என்று சொல்லலாம். அம்மன் கனவில் வந்தாள் என்று சொன்னால் சுகுமாரன் மறுபேச்சு பேசமாட்டார். பிரஷாந்தன் அன்றே காடியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். சனிக்கிழமைகள் இருக்கும். சித்திரையில் வாசலில் ஹாரன் சத்தம் கேட்கும். சிம்பாங் பூலாய் தாண்டும்போது வெட்டுப்பட்ட சுண்ணாம்பு மலைகள் வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தன.

பட்டறையில் லோரியின் முகப்பு மூடி கழற்றிச் சுவரில் சாத்தியிருந்தது. சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது. என்ஜின் இன்னும் உள்ளேதான் இருந்தது. ஆ கியோங் குந்தி உட்கார்ந்து மீ நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தான்.

“சாப்பிடுறியா மச்சான்?”

“இருக்கட்டும்.”

“நெசமாத்தான் கேக்குறேன்லா. இன்னொரு பொட்டலம் இருக்கு.”

பத்துமலை அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பொட்டலத்தை வாங்கிப் பலகையில் உட்கார்ந்து தின்றார். மீ ஆறிப்போய்க் கட்டியாக இருந்தது. ரோட்டில் ஒரு மணல் லோரி போனது, தகரங்கள் அதிர்ந்து அடங்கின.

“இன்னும் தூக்கல” என்றான் ஆ கியோங். “போல்ட்டு மட்டும் லூஸ் பண்ணி வெச்சிருக்கேன். நீ வருவேன்னு தெரியும். சொல்லு. திருப்பி முறுக்கிடவா? உன் எஞ்சினீயர் தவுக்கே, அந்தப் பெரிய மொதலாளி, ரெண்டு தடவ போன் அடிச்சிட்டாரு.”

பத்துமலை எழுந்து போய் என்ஜின் பக்கத்தில் நின்றார். குனிந்து உள்ளே பார்த்தார். கையை வைத்தார். இரும்பு குளிர்ந்திருந்தது. ஆ கியோங் அவசரப்படுத்தவில்லை. வாளியில் கை கழுவினான், சுருட்டு ஒன்று பற்றவைத்தான், அதை அணைத்தான்.

“ஆ கியோங்.”

“ம்.”

“அன்னிக்குப் பிரேக்கப் பாத்தேன்னியே.”

“பாத்தேன்.”

“எப்படி இருந்துச்சி?”

ஆ கியோங் சுவரில் சாத்தியிருந்த மூடியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.

“நல்லாத்தான் இருந்துச்சி மச்சான். புதுசு மாதிரி இருந்துச்சி.”

“யார்கிட்டயாச்சும் சொன்னியா?”

“எனக்கு என்னா வேற வேல இல்லியா?”

வெயில் கீழிறங்கிப் பட்டறைக்குள் நீளமாக விழுந்தது. பத்துமலை என்ஜினிலிருந்து கையை எடுத்தார். கையில் கறுப்பாக எண்ணெய். வேட்டியில் துடைக்கப் போய், பிறகு ஆ கியோங் நீட்டிய துணியில் துடைத்தார்.

“தூக்கிரு” என்றார்.

“நெசமாவா?”

“தூக்கிருலா. நான் இருக்கும்போதே தூக்கிரு.”

ஆ கியோங் சங்கிலியை மாட்டி இழுத்தான். ஒவ்வொரு கண்ணியாக ஏறியது. என்ஜின் அசைந்து, ஒருபக்கம் சாய்ந்து, மேலே வந்து காற்றில் ஆடியது. அது இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று பத்துமலை நினைத்திருக்கவில்லை. சரிந்துவிடாமல் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, தரையில் பலகைமேல் உட்காரும்வரை கூடவே நடந்தார்.

ஜப்பான் டீசல் என்ஜின் ஆடி பிறப்பதற்குள் வைத்தாகிவிட்டது. சுரேன்தான் இப்போது அம்மன் லோரியை ஓட்டுகிறான். புகைவீட்டு மேட்டில் அது ஒருதரம்கூடத் திணறியதில்லை. பழைய என்ஜினைப் பிரஷாந்தன் எடுத்துக்கொண்டு போய்த் தன் பட்டறையில் தாங்கியில் ஏற்றிப் பச்சைச் சாயம் அடித்து வைத்திருக்கிறார். பிஸ்டன் வந்து சேர்ந்தது, ஆனால் அவர் அதைப் பூட்டவில்லை. பெர்த்துக்குப் போய் வருவதும் இருப்பதுமாக இருக்கிறார். பத்துமலையை அவர் பிறகு கூப்பிட்டதில்லை. கருப்பம்மாளுக்குக் கை கொஞ்சம் கோணலாகக் கூடியது. அடுத்த தைப்பூசத்துக்கு முன்னால், காய்ச்சலில் இறந்துபோனாள். ஆ கியோங் பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டான். பிரேக் விஷயத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை. புனிதா தீபாவளிக்குப் பிள்ளைகளோடு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். பத்துமலை ஜொகூருக்குப் போகவில்லை. சிலிபினில் அதே வீட்டில்தான் இருக்கிறார். அதற்கடுத்த சித்திரைத் திருவிழாத் தேதியை வாட்ஸாப் குழுவில் போட்டிருந்தார்கள். எல்லாரும் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தார்களே தவிர, அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவர் பஸ் ஏறிக் கோப்பெங்கில் இறங்கி, மீதித் தூரத்தை நடந்தே போனார். தன் வீடு இருந்த பனைமரத்தடியில் தேங்காய்த் தட்டோடு நின்றார். லோரி வந்தது, நின்றது, போனது.